களைத்து வந்த இரவில், வீட்டிலிருக்கிற சாமானை வைத்து என்ன செய்து சாப்பிடலாம்?

வேலைக்காக வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் தனியாக இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இரவு எட்டு மணிக்கு மழையில் நனைந்து வந்து சேர்ந்தால் மறுபடி காலி வீதிக்கு இறங்க மனம் வராது, ஒவ்வொரு நாளும் போனில் ஓடர் பண்ணச் சம்பளம் தாங்காது. கையில் இருப்பது ஒற்றை காஸ் அடுப்பு, சின்ன ரைஸ் குக்கர், கரண்ட் கேத்தல். அம்மாவின் கைச்சாப்பாடு மாதிரி இதமாக ஏதாவது, குடிக்கவும் ஏதாவது, அதிகம் மினக்கெடாமல் செய்ய வேண்டும். ரெசிபி பார்த்தால் எப்போதும் இரண்டு மூன்று சாமான் குறைகிறதாம். என்ன செய்யலாம்?

பம்பலப்பிட்டிப் பக்கம் நெடுங்காலம் போடிங் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குறைகிற சாமானை மறந்துவிடுங்கள். நம்முடைய சாப்பாட்டை உற்றுப் பார்த்தால் அதில் எப்போதும் மூன்று வேலை நடக்கும். வயிற்றை நிரப்ப ஒன்று, அதை நனைக்க ஒன்று, நாக்கைத் தட்டி எழுப்ப ஒன்று. இடியப்பம், சொதி, சம்பல். பாண், பருப்பு, கட்டைச்சம்பல். சோறு, ரசம், பொரித்த மோர்மிளகாய். கஞ்சி என்றால் முதல் இரண்டும் ஒரே கோப்பைக்குள் வந்துவிடும், பக்கத்தில் ஒரு துண்டு ஊறுகாய் வைத்தால் முடிந்தது. ஒரு சாமான் இல்லையென்றால் அது என்ன வேலைக்காக வந்தது, அந்த வேலையை வேறு எது செய்யும் என்று மட்டும் பாருங்கள். தேசிக்காய் இல்லையா, புளிப்புத்தானே வேண்டும். தக்காளி, பழப்புளி, மாங்காய், கொறுக்காய், புளித்த தயிர் எதுவும் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் நனைக்கிற சாமான் இல்லாமல் மட்டும் சாப்பிட உட்காராதீர்கள். களைத்த உடம்புக்கு வரட்டுச் சாப்பாடு இறங்காது. அதனால்தான் புதிதாகச் சமைக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொதியைத்தான் சொல்லிக் கொடுப்பேன். சோறு ரைஸ் குக்கர் ஆக்கும். சம்பலுக்கு அடுப்பே வேண்டாம். இருக்கிற ஒற்றை அடுப்பில் சொதி.

ஒருவருக்கு ஒரு வேளைக்குக் கணக்கு இப்படி. ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் (உரிக்கப் பஞ்சி என்றால் பெரிய வெங்காயம் பாதி), இரண்டு மூன்று பச்சைமிளகாய், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு. இவற்றை ஒரு கப் கப்பிப்பாலில் (முதற்பால் எடுத்த தேங்காய்ப்பூவைத் திரும்பப் பிழிந்த நீர்த்த பால்), அது இல்லாவிட்டால் வெறும் தண்ணீரில், வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும்வரை அவிய விடுங்கள். ஏழெட்டு நிமிடம் போதும். பிறகு நெருப்பைக் குறைத்து, முக்கால் கப் முதற்பாலை விட்டுத் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பத் தொடங்கும்போது அடுப்பை நிறுத்திவிடுங்கள். இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி.

சொதி திரைந்து போகிறது என்று எல்லோரும் குறைப்படுவது இந்தக் கடைசி இரண்டு படியில்தான். தேங்காய்ப்பாலில் எண்ணெய்யும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்தப் புரதம் கட்டிபட்டுப் போகும், எண்ணெய் மேலே மிதக்கும். கொதிக்கிற பாலில் புளி விழுந்தால் இன்னும் கெதியாகத் திரையும், தேசிக்காயை அடுப்பில் வைத்தே கொதிக்க விட்டால் கசப்பும் ஏறும். அதனால் புளிக்கு அவசரம் வேண்டாம். திரைந்துவிட்டாலும் கொட்டாதீர்கள். ருசிக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் அழகில்லை. தனியாகச் சாப்பிடுகிற இரவில் யார் பார்க்கப் போகிறார்கள்?

வெந்தயத்தைக் கால் தேக்கரண்டிக்கு மேல் கூட்டாதீர்கள். அது ஊறி அவியும்போது விடுகிற கொழகொழப்புத்தான் சொதிக்கு ஒரு கனம் தருகிறது. கூடினால் கசப்பு மட்டுமே மிஞ்சும்.

தாளிதத்துக்கு ஒரு தந்திரம் உண்டு, ஒற்றை அடுப்புக்காரருக்கு இது உதவும். சொதியைத் தொடங்கும் முன்பே அதே சட்டியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், கடுகு, பெருஞ்சீரகம், செத்தல்மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்ச வெங்காயம் போட்டுப் பொன்னிறமாக வதக்கி ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். கழுவாத அந்தச் சட்டியிலேயே சொதியை வையுங்கள். இறக்கியதும் எடுத்து வைத்ததை மேலே கொட்டினால் மணம் அப்படியே நிற்கும், இன்னொரு தாச்சி கழுவுகிற வேலையும் மிச்சம்.

இனி இல்லாததுகள். தேங்காய் இல்லை, அல்லது அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். தேங்காய்ப்பால் மா பெட்டி ஒன்று அலுமாரியில் இருந்தால் மூன்று மேசைக்கரண்டியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து முதற்பாலுக்குப் பதிலாக விடலாம். அதுவும் இல்லையென்றால் சாதாரண பால்மா. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தாளிதத்தைத் தேங்காயெண்ணெயில் செய்து மேலே கொட்டினால் மூக்கு பாதி ஏமாந்துவிடும். மாட்டுப்பால் புளிக்குச் சீக்கிரம் திரையும் என்பதால் அந்தச் சொதிக்குப் புளியைக் கோப்பையில் விட்டுச் சாப்பிடுங்கள், சட்டியில் விடாதீர்கள். தேங்காய் மலிவாகக் கிடைக்கிற கிழமையில் இரண்டு மூன்று வாங்கித் துருவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரீசரில் போட்டுவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. பிழிந்த பாலை வெளியே வைக்காதீர்கள், கொழும்பு வெக்கைக்குச் சில மணித்தியாலத்திலேயே புளித்துவிடும்.

சொதி கைவந்துவிட்டால் அதற்குள் என்ன போடுவது என்பது உங்கள் இஷ்டம். முட்டை ஒன்று இருக்கிறது என்றால் முதற்பால் விடுவதற்கு முன், கப்பிப்பால் மெல்லக் கொதிக்கும்போது மெதுவாக உடைத்து ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். கிளறினால் உடைந்து கரைந்துவிடும். தக்காளி போடுவதென்றால் அதைத்தான் முதலில் நன்றாகக் கரைய அவியவிட வேண்டும், அன்றைக்குத் தேசிக்காய் வேண்டாம். முருங்கையிலையைக் கடைசி இரண்டு நிமிடத்தில் போடுங்கள். அகத்தியிலைச் சொதி விரதம் முடித்துப் பாறணை செய்கிற நாளின் சாப்பாடு. சும்மா நாளில் வைத்தாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. நெத்தலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு தரம் அலசிப் போட்டால் உப்புப் போடும் முன் ருசி பார்க்க மறக்காதீர்கள். செவ்வாய், வெள்ளியில் மச்சம் (மீன், இறைச்சி) தொடாத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு உருளைக்கிழங்குச் சொதி.

எனக்குப் பிடித்த கொழும்புக் குறும்பு ஒன்று: நூடில்ஸ் சொதி. கப்பிப்பாலை ஒரு கப் கூட்டி வைத்து, வெங்காயம் அவிந்ததும் நூடில்ஸ் கட்டியைப் போட்டு இரண்டு நிமிடம், பிறகு முதற்பால், இறக்கித் தேசிக்காய். பெட்டியில் வருகிற தூளில் கால்வாசி போதும், அதில் உப்பு நிறைய. மழை நாளுக்கு இதைவிடச் சுகமான சாப்பாடு பத்து நிமிடத்தில் வேறு தெரியவில்லை.

வெள்ளவத்தையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி. பின்னேரத்தில் இடியப்பமும் புட்டும் சுடச்சுட விற்கிற கடை பக்கத்திலேயே இருக்கும். இடியப்பத்தைத்தான் வீட்டில் பிழிவது மினக்கேடு, அதை வாங்குங்கள். கடைச் சொதியை வாங்காதீர்கள், நீங்களே வையுங்கள். செலவும் பாதியாகும், ருசியும் உங்கள் கையில். மிஞ்சிக் காய்ந்த இடியப்பத்துக்குத் தண்ணீர் தெளித்து ரைஸ் குக்கரின் ஆவித்தட்டில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி மெத்தென்று வரும்.

அடுத்தது நாக்கைத் தட்டி எழுப்புகிற பக்கம். அனெக்ஸில் அம்மியும் உரலும் இருக்காது. கட்டைச்சம்பலுக்கு இடித்த மிளகாய்த்தூள், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், உப்பு, மாசிக்கருவாடு இருந்தால் கொஞ்சம். அடிப்பக்கம் தட்டையான எவர்சில்வர் டம்ளரால் கோப்பைக்குள்ளேயே அழுத்தி நசித்து, தேசிக்காய் பிழியுங்கள். வெங்காயத்தை உப்போடு சேர்த்து நசித்தால் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரில்தான் மிளகாய் ஊறிச் சிவக்கும். சிங்களக் கடையில் லுனுமிரிஸ் என்று விற்பதும் இதற்குப் பங்காளிதான். தேங்காய்ச் சம்பல் ஆசை வந்தால், காய்ந்த தேங்காய்ப்பூ பைக்கற்றில் மூன்று மேசைக்கரண்டியை இளஞ்சூட்டுப் பாலில் கால்மணி நேரம் ஊறவிட்டு அதே மாதிரி நசியுங்கள். புதிதாகத் துருவிய தேங்காய்க்கு ஈடாகாது, பாணுக்குப் பழுதில்லை.

பாண் என்றதும் சொல்ல வேண்டும், தனியாள் வீட்டில் பாண்தான் அதிகம் வீணாகிறது. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், ஒருவர் ஒரு நாளில் தின்று முடிக்க மாட்டார். பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிற சூன் பாண் ஆட்டோவிலோ பேக்கரியிலோ அரை இறாத்தலாக வாங்குங்கள். மறுநாள் காய்ந்ததை எறியாதீர்கள், சில சாப்பாட்டுக்குப் பழைய பாண்தான் வேண்டும். புதுப் பாணில் பாண் கொத்து போட்டால் களியாகிவிடும்; காய்ந்ததென்றால் துண்டு துண்டாக நிற்கும். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கரட், லீக்ஸ் எது கிடந்தாலும் வதக்கி, ஒரு முட்டையை உடைத்துக் கிளறி, நேற்றைய குழம்பில் மிஞ்சிய இரண்டு கரண்டியை விட்டு, கடைசியாகப் பாணைப் பிய்த்துப் போட்டுப் பிரட்டுங்கள். குழம்பு இல்லாவிட்டால் ஒரு தேக்கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூளைக் கால் கப் தேங்காய்ப்பாலில் கரைத்து விடலாம். வறுத்து இடித்த தூள் என்பதால் பச்சை மணம் வராது. இனிப்பாக வேண்டுமென்றால் பொம்பே டோஸ்ட்: முட்டை, பால், சீனி, ஒரு ஏலக்காய், அதில் பாணைத் தோய்த்துப் பட்டரில் சுடுவது.

பாணுக்குப் பருப்பு. மைசூர்ப் பருப்பை ஊறப்போடத் தேவையில்லை, இருபது நிமிடத்தில் அவிந்துவிடும். ரைஸ் குக்கரில் அரைக் கப் பருப்பு, ஒன்றரைக் கப் தண்ணீர், நாலு பல்லு உள்ளி, பச்சைமிளகாய், மஞ்சள். நுரைத்துப் பொங்கி மேசையெல்லாம் வழியும், எச்சரிக்கை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நுரை அடங்கும். அவிந்ததும் இரண்டு கரண்டி பாலும் உப்பும். அதே பருப்பில் ஒரு கப் தண்ணீரும் புளியும் கூட்டிக் கொதிக்க வைத்தால் மறுநாள் சோற்றுக்குச் சாறு.

டின் மீன் பற்றியும் கேட்பீர்கள். அது டின்னுக்குள்ளேயே அவித்து வருகிற மீன், நீங்கள் சூடாக்கினால் போதும். வெங்காயமும் தக்காளியும் வதக்கித் தூள் போட்ட பிறகு மீனைப் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டி இறக்குங்கள், கனநேரம் கிண்டினால் தூளாகிவிடும். பெரிய டின் 425 கிராம், ஒருவருக்கு அதிகம். மிச்சத்தை டின்னோடு வைக்காமல் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

உடம்பு முடியாத இரவுக்குக் கஞ்சி. அரைக் கப் சிவப்புப் பச்சையரிசி, நாலரைக் கப் தண்ணீர், ஆறேழு பல்லு உள்ளி, நசித்த இஞ்சித் துண்டு, நாலைந்து வெந்தயம், ஒரு துண்டு ரம்பை இலை. ரைஸ் குக்கரில் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். முக்கால் மணி நேரத்தில் குழைந்திருக்கும். அகப்பையால் கடைந்து, தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டு இறக்கினால் பாற்கஞ்சி. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறவர்களும் உண்டு, சம்பலோடு குடிக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. காலையில் ஆக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோறு மிஞ்சியிருந்தால் இன்னும் சுலபம்: ஒரு கப் சோறு, மூன்று கப் தண்ணீர், கால்மணி நேரம். நோன்பு மாதத்தில் கொழும்புப் பள்ளிவாசல்களில் கொடுக்கிற கஞ்சியைக் குடித்திருக்கிறீர்களா? ரம்பை, இஞ்சி, உள்ளி, கறுவா, இறைச்சித் துண்டு, தேங்காய்ப்பால் என்று அது வேறோர் உலகம். உங்கள் உள்ளிக் கஞ்சியில் ஒரு துண்டு கறுவாவும் ஒரு கைப்பிடி கோழி இறைச்சியும் விழுந்தால் அந்தப் பக்கம் பாதி தூரம் போய்விடலாம். இலைக்கஞ்சி குடிக்க வேண்டுமானால் வல்லாரை, முருங்கையிலை, கறிவேப்பிலை இவற்றை அரைத்துப் பிழிந்த சாற்றை இறக்குகிற நேரத்தில் விடுங்கள். முன்னமே விட்டால் பச்சை நிறம் செத்துப் போகும்.

மிஞ்சிய சோறு பற்றி ஒரு வார்த்தை, இதில் நான் கண்டிப்பு. சோற்றில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து அவித்தாலும் சாகாது. சோறு வெளியே சூடாறிக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகாத சோற்றில் கஞ்சி வைக்காதீர்கள். ரைஸ் குக்கர் சூடாகவே வைத்திருக்கும் என்று நம்பிவிட்டுப் போனால் கரண்ட் போனது உங்களுக்குத் தெரியவா போகிறது?

ஒடியற் கூழைப் பற்றி (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ்) எழுதச் சொல்லுவீர்கள் என்று தெரியும். வேண்டாம். மாவைக் கசப்புப் போக ஊறவைத்துத் தண்ணீர் மாற்ற வேண்டும், நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை என்று சாமான் நீளும். அது சுற்றத்தோடு முற்றத்தில் குடிக்கிற சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

குடிக்கிற பக்கத்துக்கு வருகிறேன். மழையில் நனைந்து வந்தால் முதலில் கொத்தமல்லித் தண்ணி. இரண்டு மேசைக்கரண்டி முழுக் கொத்தமல்லியை வெறும் தாச்சியில் மணம் வரும்வரை வறுத்து, டம்ளரால் இரண்டாக உடைபடும் அளவு நசியுங்கள். ஒரு துண்டு வேர்க்கொம்பு (சுக்கு), மூன்று கப் தண்ணீர், இரண்டு கப்பாக வற்றும்வரை கொதி. தூளாக அரைத்துப் போட்டால் கலங்கிக் குழம்பாகும். சீனி போட்டுக் கலக்காமல் பனங்கட்டியையோ கித்துள் கருப்பட்டியையோ கடித்துக்கொண்டு குடியுங்கள். புறக்கோட்டை காபோஸ் லேன் மூலிகைக் கடைகளில் மரமஞ்சளும் இன்னும் சில சரக்கும் சேர்த்த பஸ்பங்குவ பொட்டலம் கிடைக்கும். அது சரியான கசப்பு, மருந்தாகக் குடிப்பவர்கள் குடிக்கட்டும், இதமான பானம் என்ற வகையில் நான் அதைச் சேர்க்க மாட்டேன்.

இஞ்சிப் பால்தேத்தண்ணி திரைந்து போகிறதென்றால் காரணம் பாலல்ல. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கிற நொதியம் ஒன்று இருக்கிறது. இஞ்சியை முதலில் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் அது செயலிழந்துவிடும், பிறகு தேயிலை, கடைசியில் பால். சர்க்கரை, கருப்பட்டி போட்ட பாலும் இப்படித்தான் சில வேளை திரையும். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறிய பின் கரையுங்கள். பால்மாவைக் கொதிநீரில் நேரே கொட்டினால் கட்டிபடும். சீனியோடு சேர்த்து, ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் பசையாக அடித்துவிட்டு மேலே தேயிலைச் சாயத்தை ஊற்றி இரண்டு தரம் உயர்த்தி ஆற்றினால் கடைத் தேத்தண்ணியின் நுரை வரும்.

வெறும் தேத்தண்ணிக்கு நல்ல தேயிலை வேண்டும், அவ்வளவுதான். மலையகத்தார் சாயம் என்று சொல்லிக் குடிப்பதைப் பாருங்கள், சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள். தூள் தேயிலையைக் கொதிக்க விடாமல், கொதித்த தண்ணீரை ஊற்றி மூன்று நான்கு நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறும், பயப்பட வேண்டாம், புளி பட்டால் சாயத்தின் நிறம் அப்படித்தான் மாறும்.

பெலன் வேண்டிய நாளுக்கு முட்டைக்கோப்பி. யாழ்ப்பாணத்தில் சாமத்தியப்பட்ட பிள்ளைக்கும் நோயிலிருந்து எழும்பினவருக்கும் அடித்துக் கொடுப்பது. ஒரு முட்டையைச் சீனியோடு நுரைக்க நுரைக்க அடித்து, கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை நூலாக ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். முட்டை முழுதாக அவியாது என்பதால் புது முட்டை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

வெயில் நாளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டித் தயிர் ஒரு கரண்டி, இரண்டு கப் தண்ணீர், நசித்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, உப்பு: மோர். தேசிக்காய்த் தண்ணியில் சீனியோடு ஒரு சிட்டிகை உப்பும் விழுந்தால்தான் தாகம் அடங்கும். கசகசாவை (சர்பத்தில் போடுகிற கறுப்புத் திருநீற்றுப்பச்சை விதை) கால்மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு அதில் ஒரு கரண்டி போட்டால் விருந்தாளிக்கும் கொடுக்கலாம். விளாம்பழம் கிடைத்தால் விடாதீர்கள். சதையைக் கையால் பிசைந்து கோது நீக்கி, கித்துள் கருப்பட்டி, நீர்த்த தேங்காய்ப்பால், ஒரு கல்லு உப்பு. ஐஸ் கோப்பிக்கு ஞாயிறு இரவே கடும் கோப்பி வடித்து டின்பால் கலந்து, இரண்டு துளி வனிலா விட்டுப் போத்தலில் குளிரவைத்தால் இரண்டு நாளைக்கு வரும்.

இனிப்புக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தயிரும் கித்துள் பாணியும் இருந்தால் அடுப்பே மூட்டத் தேவையில்லை. பாண் துண்டில் பட்டரும் சீனியும் தூவித் தின்று வளர்ந்தவர்கள்தானே நாம்.

காஸ் முடிகிற இரவு ஒன்று வரும். சிலிண்டர் எப்போதும் இரவில்தான் முடியும். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்று, மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை போன காலத்தைக் கொழும்பில் கடந்து வந்தவர்கள் இன்னும் ஒரு பொட்டலம் அவல் இல்லாமல் இருக்க மாட்டார்கள். கேத்தல் மட்டும் இருந்தால் தடித்த அவலைக் கழுவி, வெந்நீர் தெளித்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அதில் தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஒரு கதலிப்பழம். சோளம், சோயா, அரிசி, பயறு சேர்ந்த சமபோஷா மாவென்றால் வெந்நீர் விட்டுப் பிசைந்து தேங்காய்ப்பூவோடு உருண்டை பிடித்துவிடலாம். உறைப்பாக வேண்டுமானால் அதே அவலில் உப்பு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய், பக்கத்தில் ஒரு பிளேன்டீ. கரண்டும் இல்லையென்றால் அவலைப் பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டால் போதும். மெல்லிய அவலை வாங்காதீர்கள், அது தண்ணீர் பட்டவுடன் கூழாகிவிடும்.